பழைய வீட்டுக் குழாய் வேலை: உளியைக் கையில் எடுக்கும் முன்

பெங்களூர் அல்சூரில் மாமனார் கட்டிய வீட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம், சமையலறை நல்லியில் ஒரு குடம் நிரம்பப் பதினோரு நிமிடம் ஆனது. (பெங்களூரில் வளர்ந்தவர்கள் வாயில் குழாய் நல்லியாகத்தான் வரும், கன்னடம் கொடுத்த சொல். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஆட்டெலும்பு ஞாபகம் வந்து சிரிப்பார்கள்.) முதலில் வந்த பிளம்பர் நல்லியைத் திறந்து பார்த்தார், சுவரை இரண்டு தட்டுத் தட்டினார், "உள்ள ஜிஐ பைப் எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு சார், மொத்தமா உடைச்சு மாத்தணும்" என்று சொல்லி (ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு), ஒரு லட்சத்துக்குக் குறையாத ஒரு கணக்கையும் வைத்தார். இரண்டாவதாக வந்தவர் வயதானவர். நல்லியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மாடிக்கு ஏறினார். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருந்த பழைய பித்தளை கேட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மேலே சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் உட்கார்ந்திருக்கிறது. புது வால்வு, இரண்டு யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. குடம் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பியது.

முதல் ஆள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நான்கு வருடம் கழித்து அந்த ஜிஐ குழாய்களை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதையும் சுவரில் ஒரு அடிகூட வெட்டாமல் செய்தோம். எது வால்வுப் பிரச்சினை, எது குழாய்ப் பிரச்சினை, எதற்கு உடைக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு படம்

ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டுத் தண்ணீர் வரும் வழியை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் இதை வரைவது சுலபம், ஏனென்றால் இங்கே தண்ணீர் மூன்று துண்டாகத்தான் பயணம் செய்கிறது. காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், வழியில் ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலும் மறுபடி பம்ப் வைத்துத் தள்ளித்தான் 1974-லிருந்து இந்த ஊருக்கு வருகிறது. இவ்வளவு பாடுபட்டு வருவது நாள் முழுக்க வராது, எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில மணி நேரம். அதனால் தெருக் குழாயிலிருந்து மீட்டர் வழியாகத் தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்புக்கு வருவது முதல் துண்டு. சம்பிலிருந்து மோட்டார் ஏற்றி மாடித் தொட்டிக்குப் போவது இரண்டாவது. தொட்டியிலிருந்து தன் எடையாலேயே கீழே நல்லிக்கு இறங்குவது மூன்றாவது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். சமையலறையில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்றால் அதற்கும் காவிரிக்கும் சம்பந்தமே இல்லை, வாட்டர் போர்டைத் திட்டிப் பயனில்லை, குற்றம் மூன்றாவது துண்டில் இருக்கிறது. சம்ப் நிரம்பவில்லை என்றால்தான் முதல் துண்டு. அங்கேயும் மீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பதை நீங்களோ உங்கள் பிளம்பரோ தொடக்கூடாது, 1916-க்குப் போன் போட்டுப் புகார் எழுத வைக்க வேண்டும். சிலர் தெருவிலிருந்து வரும் குழாயிலேயே நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். அது தப்பு என்பதோடு அசிங்கமும்கூட. உறிஞ்சும்போது குழாயில் எங்கே சின்ன ஓட்டை இருந்தாலும் சுற்றியிருக்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும், அது உங்கள் சம்புக்கும் பக்கத்து வீட்டுச் சம்புக்கும் சேர்ந்தே போகும். விட்டுவிட்டு வரும் தண்ணீரில் இந்த ஆபத்து கொஞ்சம் எப்போதுமே உண்டு. தண்ணீர் விட்ட முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வந்தால், சம்புக்கு முன்னால் ஒரு நல்லி வைத்து அதை வெளியே விட்டுவிடுவது நல்லது.

படத்தில் வால்வுகளையும் குறியுங்கள். பழைய வீடுகளில் எந்த வால்வு எதை அடைக்கிறது என்பது கட்டியவரோடு போய்விட்டிருக்கும். ஒவ்வொன்றாக மூடி, எந்த நல்லி நின்றது என்று பார்த்து, ஒரு தகரத் துண்டில் பெயின்டால் எழுதிக் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வால்வு எதையுமே அடைக்கவில்லை. யாருக்காக வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கசிவு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முள் நகர்கிறதா என்று பார். நம் வீட்டில் இது செல்லாது. மீட்டர் சம்புக்கு முன்னால் இருக்கிறது, வீட்டுக்குள் எவ்வளவு ஒழுகினாலும் அந்த நேரத்தில் முள் நகராது. அதற்குப் பதில் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எல்லோரும் படுத்த பிறகு மாடித் தொட்டியின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு (பிளாஸ்டிக் தொட்டியென்றால் ஒரு குச்சியை நேராக இறக்கி அளந்துகொள்ளுங்கள்), விடிகாலை யாரும் எழுவதற்குமுன் மறுபடி ஒரு பார்வை. தொட்டியின் விட்டம் ஒரு மீட்டர் என்றால் 1 சென்டிமீட்டர் இறங்கியது கிட்டத்தட்ட 8 லிட்டர். இரவில் யாராவது பாத்ரூம் போயிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். சம்புக்கும் இதே சோதனை, மோட்டார் போடாத ஒரு இரவில், தண்ணீர் வராத நாளில். 6 அடிக்கு 6 அடி சம்பில் ஒரு அங்குலம் இறங்கினால் 85 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் வரி ஏறவே இல்லை, ஆனால் வாசல் படி ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது.

தொட்டியில் மட்டம் இறங்குகிறது, எங்கேயும் ஈரம் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி மேல் விழ வேண்டும். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் வீட்டில் இருக்கும். ஃப்ளஷ் தொட்டியில் பத்துச் சொட்டு விட்டு அரைமணி நேரம் யாரும் இழுக்காமல் விடுங்கள். கோப்பைக்குள் நீலம் எட்டிப் பார்த்தால் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் நாள் முழுக்க வழியும். வாஷர் மலிவான பொருள், கடைக்குப் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் போதும், அளவு சொல்ல முயலாதீர்கள்.

சொட்டும் நல்லிக்கும் ஒரு வார்த்தை. பழைய பித்தளை நல்லியில் உள்ளே ரப்பர் வாஷர், அதை மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும், தூக்கிப் போட வேண்டாம். வாஷர் மாற்றியும் சொட்டினால் அது உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறது. கால் சுற்றுச் சுற்றும் புது மாடல் நல்லியில் பீங்கான் தட்டு இருக்கும், அதில் மணல் மாட்டினால் கீறல் விழும், அந்தக் காட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம்.

தண்ணீர் மெதுவாக வருகிறது

இதுதான் பழைய வீடுகளில் ஆயிரம் முறை கேட்கிற புகார், காரணமும் ஒன்றல்ல. அதனால் முதலில் ஒரு நல்லியில் மட்டுமா, எல்லா நல்லியிலுமா என்று பாருங்கள். ஒரே ஒரு நல்லியில் மட்டும் மெதுவாக வந்தால் பெரும்பாலும் வாயில் இருக்கும் சல்லடையில் உப்பு அடைத்திருக்கும், போர்வெல் தண்ணீர் கலந்து ஓடும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இது வரும். கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் சரி. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது வாட்டர் போர்டு பெரிய கட்டிடங்களுக்கு ஏரேட்டரை (காற்றைக் கலந்து நீரைக் குறைத்து விடும் சல்லடை வாய்) கட்டாயமாக்கியது, அப்போதிலிருந்து வீடுகளிலும் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் மாட்டிய பிறகு யாரும் அதைக் கழற்றிக் கழுவுவதில்லை.

எல்லா நல்லியிலும் மெதுவாக வந்தால் மாடிக்குப் போங்கள். தொட்டி வாயில் வண்டல் இருக்கிறதா, வால்வு முழுக்கத் திறக்கிறதா. பழைய கேட் வால்வைப் பார்த்தாலே நான் இப்போது மாற்றச் சொல்லிவிடுவேன், கைப்பிடி திரும்பியதே திறந்ததற்குச் சாட்சி ஆகாது. பால் வால்வு போடுங்கள், கைப்பிடி குழாய்க்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது, தெருவிலிருந்தே தெரியும். போட்ட பிறகு மாதம் ஒருமுறை மூடித் திறங்கள். திருப்பாத வால்வு தேவைப்படும் அன்று அசையாது.

அப்புறம் ஏர்லாக். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய அன்று மட்டும் ஒரு பாத்ரூமில் தண்ணீர் வராமல், நல்லியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தால் இதுதான். குழாய் எங்கோ மேலே ஏறி மறுபடி இறங்குகிறது, அந்த முதுகில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அவசரத்துக்கு, தண்ணீர் வருகிற ஒரு நல்லியில் ரப்பர் குழாயைச் செருகி வராத நல்லியில் மறுமுனையைப் பிடித்து இரண்டையும் திறந்தால் காற்று பின்னால் தள்ளப்பட்டுப் போய்விடும். நிரந்தர வைத்தியம் தொட்டியை விட்டு வெளியே வரும் குழாயில், வால்வுக்கு அடுத்து, T வடிவ இணைப்பு (டீ) ஒன்று போட்டு அதிலிருந்து தொட்டியின் மேல்விளிம்புக்கும் மேலே ஒரு திறந்த குழாயை நிறுத்துவது. மேல் முனையை வளைத்துக் கொசுவலைத் துண்டு கட்ட வேண்டும். இருநூறு ரூபாய்ச் சாமான். பழைய வீடுகளில் பாதிக்கு இது கிடையாது, இருந்ததை "சும்மா நிக்குது" என்று யாரோ அடைத்திருப்பார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஷவரில் நூல் மாதிரி வந்தால் கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம், அவ்வளவுதான் புவியீர்ப்பு கொடுக்கும். ஒற்றை மாடி வீட்டில் தொட்டிக்கும் ஷவருக்கும் இரண்டரை மீட்டர்தான் இருக்கும், அதாவது கால் பார். கண்காட்சிக் கடையில் பார்த்த மழை ஷவர் இதில் வேலை செய்யாது, அதன் பெட்டியிலேயே எத்தனை பார் வேண்டும் என்று போட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். தொட்டியை இரும்புச் சட்டத்தில் நாலடி தூக்கி வைப்பது ஒரு வழி, ஆனால் 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. கீழே சுவர் வருகிற இடமாகப் பார்த்து இன்ஜினியரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும், மெட்ராஸ் டெரஸ் கூரையும் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கியது) கற்பலகைக் கூரையும் உள்ள வீடுகளில் நடுக்கூரை மேல் வைக்கவே வைக்காதீர்கள். பிரஷர் பம்ப் இன்னொரு வழி. அதைப் பழைய ஜிஐ குழாய் வைத்த வீட்டில் போடாதீர்கள், நாற்பது வருடத் துருவே அடைத்து வைத்திருக்கும் ஓட்டைகள் எல்லாம் ஒரே வாரத்தில் திறந்துகொள்ளும்.

துருப்பிடித்த ஜிஐ

காலையில் முதலில் வரும் தண்ணீர் டீ நிறத்தில் இருந்து இரண்டு நிமிடத்தில் தெளிகிறதா, மரைபோட்ட இணைப்புகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் கசிந்து காய்ந்திருக்கிறதா, ஒரே வருடத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஊசித்துளை விழுந்ததா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் குழாய்க்கு வயதாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு அங்குலக் குழாயை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது, மீதியெல்லாம் துருவும் உப்பும். ஒட்டுப் போடுவது வீண். ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும், ஏனென்றால் முழு நீளமும் ஒரே வயது.

இப்போது என் ஒரே பிடிவாதத்துக்கு வருகிறேன். குழாயைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். பெங்களூரில் அந்தக் காலத்துச் சுவர்கள் பல, செங்கல்லும் மண்சாந்தும் சுண்ணாம்புமாகக் கட்டியவை. அதில் மெஷின் வைத்துப் படுக்கை வாட்டத்தில் ஒரு நீளக் கோடு வெட்டினால் சுவரின் கனத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும், சாந்து பொடியாக உதிரும், மேலே இருக்கும் கூரை அந்தச் சுவர்மேல்தான் நிற்கிறது. சரி, சுவர் தாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து கசிந்தால் புது டைல்ஸை உடைக்க வேண்டும், அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது. வெளியே கிளாம்ப் போட்டு ஓடும் குழாய் பார்க்கக் கொஞ்சம் முரடாக இருக்கும், அத்தை "என்னடா இது ஆஸ்பத்திரி மாதிரி" என்பார், ஆனால் கசிந்தால் அன்றே தெரியும், அன்றே சரியாகும்.

செய்யும் விதம் இப்படி. மாடியிலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு தடிமனான குழாயை இறக்குங்கள், ஒவ்வொரு அறைக்கும் நேராகச் சுவரில் ஒரு துளை மட்டும் போட்டு உள்ளே நுழையுங்கள். உள்ளே இருக்கும் பழைய ஜிஐயை இரண்டு முனையிலும் துண்டித்து மூடி போட்டு அப்படியே சுவருக்குள் உறங்க விட்டுவிடுங்கள், அதைப் பிடுங்கத் தேவையில்லை. அளவு: தொட்டியிலிருந்து ஒன்றேகால் அங்குலம், இறங்குவது ஒரு அங்குலம், பாத்ரூமுக்குப் பிரிவது முக்கால், கடைசியில் நல்லிக்கு மட்டும் அரை அங்குலம். நிறையப் பேர் செலவு குறைக்க மேலிருந்தே முக்கால் போட்டுவிட்டு, இரண்டு பாத்ரூமில் ஒரே நேரம் குளிக்க முடியவில்லை என்று அப்புறம் வருந்துவார்கள்.

பொருள் என்ன? வெந்நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் சிபிவிசி, மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில் வரும், 93 டிகிரிவரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வெள்ளை யுபிவிசி குளிர்ந்த நீருக்கு மட்டும். இரண்டுக்கும் பசை வேறு, ஒன்றின் பசையை மற்றதில் தடவும் பிளம்பர் இருக்கிறார், பக்கத்தில் நின்று டப்பாவைப் படியுங்கள். குழாய்மேல் ஐஎஸ் 15778 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், அது சிபிவிசிக்கான இந்தியத் தர எண். ஒட்டிய பிறகு ஒரு நாள் காயவிட்டு, நல்லிகளை மாட்டுவதற்குமுன் எல்லா முனையையும் மூடிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்குச் சோம்பல்படும் பிளம்பரிடம் கடைசித் தவணைப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன விஷயம் சில, ஆனால் பின்னால் தொல்லை கொடுப்பவை இவைதான். வெயில்படும் இடத்தில் பிளாஸ்டிக் குழாய் வெளுத்து நொறுங்கும், வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டையே இரண்டு கோட்டிங் அடியுங்கள், தின்னர் கலக்கும் எண்ணெய்ப் பெயின்ட் கூடாது. வெந்நீர்க் குழாய் சூட்டில் நீளும், 3 மீட்டர் நீளம் 40 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டருக்கு மேல். அதனால் கிளாம்ப்பை இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கிச் செல்ல இடம் விடுங்கள். பழைய இரும்போடு சேரும் இடத்தில் பித்தளை மரை வைத்த இணைப்பு மட்டும் போடுங்கள், வெறும் பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் வைத்து இறுக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஆறாவது மாதம் நள்ளிரவில் பிளக்கும். வாசலின், கிரீஸ் எதையும் சிபிவிசி மேல் தடவக்கூடாது, அது குழாயைத் தின்னும்.

எர்த் விஷயத்தை மறக்காதீர்கள்

பிளம்பர் சொல்ல மாட்டார், எலக்ட்ரீஷியனை அந்த நேரத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் இது விழுந்துவிடுகிறது. பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. சுற்றாத வீட்டிலும் இரும்புக் குழாய் மண்ணுக்குள் போவதால் கீசரின் மின்கசிவு அந்த வழியாகவே மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாமல். நீங்கள் இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்ட அன்று அந்த வழி அறுந்துபோகிறது. நேற்றுவரை ஒன்றும் செய்யாத அதே கீசர் இன்று ஷவர் நல்லியைத் தொட்டால் சுரீர் என்கிறது. எங்கள் வீட்டில் கைநுனியில் ஒரு குத்தலோடு போயிற்று, எல்லோருக்கும் அப்படிப் போகும் என்று சொல்ல முடியாது.

ஆகவே குழாய் மாற்றும் வாரத்திலேயே எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் குழி தனியாக இருக்கிறதா, கீசர் பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போர்டில் இல்லாவிட்டால் போடுங்கள். நல்லி மாற்றுவதைவிட இதுதான் முதலில்.

கீசரைத் திறந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்த்துவிடுங்கள். தொட்டியைக் காப்பாற்றத் தன்னைத் தின்னக் கொடுக்கும் கம்பி அது, போர்வெல் தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும், மாற்றாவிட்டால் அடுத்துத் தொட்டியே கரையும். பாதுகாப்பு வால்விலிருந்து சூடேறும்போது சில சொட்டு விழுவது சரிதான், தொல்லை என்று அதை அடைத்துவிடாதீர்கள், அடைத்த கீசர் வெடிக்கும். சுவரிலிருந்து கீசருக்குப் போகும் கம்பிப்பின்னல் போட்ட வளையும் குழாய்க்கு உள்ளே இருப்பது ரப்பர். பின்னலில் துருவோ வீக்கமோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஊருக்குப் போகும்போது மாடி வால்வை மூடிவிட்டுப் போவது எங்கள் வீட்டில் இப்போது கேஸை மூடுவது மாதிரிப் பழக்கம்.

போகிற வழி

வருகிற தண்ணீருக்கு இவ்வளவு பேசினோம், போகிற தண்ணீருக்கு யாரும் பேசுவதில்லை, அடைத்த பிறகுதான் ஞாபகம் வரும். பாத்ரூமில் நாற்றம், கரப்பான் என்றால் முதலில் எந்த மருந்தும் அடிக்காமல் ஒரு குவளைத் தண்ணீரைத் தரைச் சல்லடையில் ஊற்றுங்கள். அடியில் இருக்கும் வளைந்த கிண்ணம் போன்ற நஹானி ட்ராப்பில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. யாரும் குளிக்காத விருந்தினர் பாத்ரூமில் அது காய்ந்துபோயிருக்கும். ஊற்றியும் நாற்றம் வந்தால் ட்ராப் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது அந்தக் காலத்தில் வைக்கவே இல்லை. இரண்டாவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சமையலறை சிங்க் அடைத்தால் அதன் கீழே இருக்கும் பாட்டில் ட்ராப்பைக் கையால் கழற்றிக் கழுவுவதே முழு வைத்தியம், அடியில் ஒரு வாளி வைக்க மறக்காதீர்கள். சோடா உப்பும் வினிகரும் நுரைப்பதைப் பார்க்கக் குழந்தைகளுக்குப் பிடிக்கும், அடைப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆசிட் ஊற்றுவது இன்னும் மோசம், மொசைக் தரை போகும், பழைய இணைப்புகள் போகும், ஏற்கெனவே யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் வரும் புகை ஆளையே சாய்க்கும்.

வெளியே தரைக்கடியில் பழைய வீடுகளில் ஸ்டோன்வேர் குழாய்கள் இருக்கும், இரண்டடிக்கு ஒரு இணைப்பு, ஒவ்வொரு இணைப்பும் வேருக்கு ஒரு வாசல். வாசலில் தென்னையோ புங்கமோ இருந்தால் வருடம் தவறாமல் அதே இடத்தில் அடைக்கும். அந்த ஒரு பகுதியை மட்டும் தோண்டி 110 மில்லிமீட்டர் பிவிசி போட்டால் போதும், மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு வேண்டும். குறைந்தால் தேங்கும். பாதாளச் சாக்கடைச் சேம்பரில் (மூடி போட்ட குழி) ஆளை இறக்காதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும், 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடுக்கிறது, "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று சொல்லிக்கொண்டு யாராவது முன்வந்தாலும்கூட வேண்டாம். அடைப்பெடுக்கும் வண்டிக்கு வாட்டர் போர்டிலேயே சொல்லலாம்.

மழை பெய்தால் பாத்ரூம் தரைவழியாகத் தண்ணீர் எதிர்த்து வருகிறதா? மாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடைச் சேம்பரில் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள், செய்யக்கூடாதது. மழைக் குழாயைப் பிரித்துச் சம்புக்கு ஒரு வடிகட்டி வைத்துத் திருப்பினால் இரண்டு பிரச்சினையும் ஒரே செலவில் தீரும். தெரு தாழ்வாக இருந்தால் கடைசிச் சேம்பரில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒருவழி மடல் ஒன்றும் போடுங்கள்.

இன்னொரு அவசரச் சோதனை: சம்புக்கும் சாக்கடைச் சேம்பருக்கும் நடுவில் எத்தனை அடி? முப்பதடி அகல மனையில் இரண்டையும் வாசலிலேயே பக்கத்துப் பக்கத்தில் வைத்த வீடுகள் நிறைய. சம்பைக் காலி செய்து காயவிட்டு, ஒரு நாள் கழித்துச் சேம்பர் பக்கச் சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூத்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டுச் சேம்பரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பழைய மேல்நாட்டுக் கழிப்பறையைப் புதிதாக மாற்றுகிறவர்களுக்கு: பழைய ஃப்ளஷ் 10 லிட்டருக்கு மேல் கொட்டும், புதியதில் இரண்டு பொத்தான், ஒன்று 6 லிட்டர், இன்னொன்று 3. வெறும் தொட்டியை மட்டும் மாற்றிக் கோப்பையை விட்டுவைத்தால் பழைய கோப்பை 6 லிட்டரில் சுத்தமாகாது, இரண்டு முறை இழுப்பீர்கள், மிச்சம் ஒன்றுமில்லை. சேர்த்தே மாற்றுங்கள். கடைக்குப் போகுமுன் சுவரிலிருந்து தரைத் துளையின் நடுவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கோப்பைகள் 4, 9, 12 அங்குலம் என்று வரும், அளக்காமல் வாங்கி வந்தால் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

சாமானை நீங்களே வாங்குங்கள். ஹார்ட்வேர் கடைகள் நிறைந்த எஸ்ஜேபி ரோட்டில் ஒரு காலைப்பொழுது நடந்தால் வீட்டுக்குப் பக்கத்துக் கடையைவிடக் குறைவாகக் கிடைக்கும், ஞாயிறு போகாதீர்கள், பாதிக் கடை திறக்காது. எல்போவும் (வளைவு இணைப்பு) டீயும் இரண்டு மூன்று கூடவே வாங்குங்கள், மீந்ததைத் திருப்பி எடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து குழாய் ஓடும் எல்லா இடத்தையும் போனில் படம் பிடித்து, முதலில் வரைந்த தாளோடு சேர்த்துச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். மாடியில் கழற்றிய பழைய ஜிஐயை இரும்புக்கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். பித்தளை வால்வுகளைத் தனியாக எடைபோடச் சொல்லுங்கள், அசந்தால் இரும்போடு சேர்த்துத் தராசில் வைத்துவிடுவார்.